பழைய இன்ஜினை லான் மோவரில் மாற்றுவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

அமெரிக்காவில் வசந்தம் வந்துவிட்டால் குப்பை வண்டி வரும் நாளில் தெருவோரத்தில் புல் வெட்டும் லான் மோவர் ஒன்றாவது கிடக்கும். ஒன்றில் டெக் (பிளேடை மூடியிருக்கும் உலோக உடல்) துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், இன்ஜின் ஜோராக ஓடும். இன்னொன்றில் டெக் புதிதுபோல இருக்கும், ஆயில் இல்லாமல் ஓட்டியதில் இன்ஜின் போயிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து நல்லதாக ஒன்று தேற்றிவிடலாம், ஒரு மதியப் பொழுது போதும்.

முதல் வேலை, இன்ஜின் எந்த வருடத்தது என்று பார்ப்பது. 1982-க்குப் பிறகு அங்கே வீடுகளுக்காகத் தயாரான, நடந்துகொண்டே தள்ளும் மோவர்களில், கைப்பிடிக் கம்பியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான மோவர்களில் அந்த பிரேக் இன்ஜினோடுதான் வரும், இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைப் பிடித்து நிறுத்தும். அதற்கு முந்தைய இன்ஜின் எவ்வளவு அழகாக ஓடினாலும் பிரேக் இல்லையென்றால் அதைப் போடாதீர்கள், கால் விரல்களுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி இன்ஜின் என்றால் கண்டுபிடிப்பது சுலபம், மேல்மூடித் தகட்டில் அடித்திருக்கும் குறியீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வருடம், அடுத்த இரண்டு மாதம்.

அடுத்தது ஷாஃப்ட், அதாவது இன்ஜினிலிருந்து கீழே வந்து பிளேடைச் சுழற்றும் தண்டு. டெக்கில் உட்காரும் பரப்பிலிருந்து ஷாஃப்ட் நுனி வரை அளந்து, பழுதான இன்ஜினோடு ஒப்பிடுங்கள். விட்டம் பெரும்பாலும் 7/8 அங்குலம், சிலவற்றில் 1 அங்குலம். விட்டம் மாறினால், பிளேடை ஷாஃப்டோடு இணைக்கும் அடாப்டர் ஏறாது. நீளம் கூடினால் பிளேடு டெக்கின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும், அது கூடவே கூடாது. தானாக நகரும் மோவரில் பெல்ட் புல்லியும் அதே ஷாஃப்டில்தான் உட்காரும், அதனால் அங்கே நீளம் இன்னும் முக்கியம்.

ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள், இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட் நுனியைத் தொட்டும் தொடாமலும் ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, எப்போதோ மரக்கட்டையில் மோதியிருக்கும். அந்த இன்ஜின் வேண்டாம், அதிர்வே எல்லா போல்ட்டையும் கழற்றிவிடும்.

சரி, இனி கழற்றலாம். ஸ்பார்க் பிளக் வயரை எடுத்து ஒதுக்கிக் கட்டுங்கள், பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துவிடுங்கள். மோவரைச் சாய்க்கும்போது கார்பரேட்டர் பக்கம் மேலே இருக்கட்டும். பிளேடுக்கும் டெக்குக்கும் இடையே மரத்துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு பிளேடு போல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் அடாப்டர் துருவில் இறுகியிருக்கும், துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுத்தியலால் ஷாஃப்டை அடிக்காதீர்கள். பிறகு இன்ஜினை டெக்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், வழக்கமாக மூன்று இருக்கும்.

நல்ல இன்ஜினை இறக்கும்போது போல்ட்டுகளை முதலில் கையாலேயே சுற்றுங்கள். அடிப்பாகம் அலுமினியம், கோணலாக ஏறினால் மரை போய்விடும். மூன்றும் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அடாப்டரை ஷாஃப்டில் நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டான கீ தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். பிளைவீல் கீ அறுந்திருந்தால் அதே மெத்தென்ற உலோகத்தில்தான் மாற்ற வேண்டும், இரும்புத் துண்டு கூடாது. பிளேடு எதிலாவது மோதினால் ஷாஃப்டுக்குப் பதில் தான் அறுந்துபோகத்தான் அந்தக் கீ இருக்கிறது.

பிரேக் கேபிளின் நீளமும் கொக்கியும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். முடிந்தால் நல்ல இன்ஜின் இருந்த மோவரிலிருந்தே கேபிளையும் கைப்பிடிக் கம்பியையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு வாருங்கள். கம்பியைப் பிடித்தால் பிரேக் முழுதாக விலக வேண்டும், விட்டதும் பிளைவீலை இறுகப் பிடிக்க வேண்டும்.

சிறிய பிரிக்ஸ் இன்ஜின்களுக்கு எஸ்ஏஇ 30 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் தரம்) ஆயில் சுமார் 600 மில்லி போதும், அளவுக்கோலில் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். புது பெட்ரோல், புது பிளக், அதன் முனைகளுக்கு இடையே இடைவெளி 0.030 அங்குலம். சமதரையில், புல் இல்லாத இடத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கம்பியை விடுங்கள். 3 விநாடி தாண்டியும் சுழன்றால் கேபிளைச் சரிசெய்யும்வரை புல்லில் இறக்க வேண்டாம். நின்றுவிட்டால் ஒரு அரை மணி நேரம் புல் வெட்டிவிட்டு, பிளக் வயரை மறுபடியும் கழற்றி, எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.