அமிகா 1200: பெரிய கோப்புகள் மட்டும் சிதைந்த கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய அமிகா 1200 கணினியின் 44 முனை ஐடிஇ (வன்தட்டு) இணைப்பில், அடாப்டர் வழியாக 2 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் பொருத்தினேன். சிறிய கோப்புகள் ஒழுங்காகத் திறந்தன. பெரிய படங்களிலோ பாதிக்குக் கீழே வண்ணக் கோடுகளே தெரிந்தன. கடற்காற்றில் முனைகள் கறுத்திருக்கலாம் என்று துடைத்தும், கேபிளை மாற்றியும், இருமுறை ஃபார்மேட் செய்தும் நான்கு நாள்கள் வீணாயின.

128 கேபிக்கு உட்பட்ட கோப்பு எதுவும் கெடவில்லை என்பதைக் கவனித்த பிறகே வழி புலப்பட்டது. செக்டார் என்பது 512 பைட் கொண்ட சேமிப்புத் துண்டு; 256 சேர்ந்தால் 128 கேபி. ஒரே கட்டளையில் 256 செக்டார்களைக் கேட்டால், எட்டு பிட் இடத்தில் அந்த எண் சுழியமாகவே எழுதப்படும். சில கார்டுகள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. கார்டின் பார்ட்டிஷனில் (பகுதியில்), ஒரே தடவையில் கேட்கக்கூடிய உச்ச அளவைக் குறிக்கும் ‘மேக்ஸ் டிரான்ஸ்ஃபர்’ மதிப்பை 255 செக்டார்களுக்கு, அதாவது 1,30,560 பைட்டுகளுக்கு, பதினறும எண்ணில் குறைத்துச் சேமித்தேன். முன்பே சிதைந்து பதிவானவை இதனால் சீராகா என்பதால், எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நகலெடுத்தேன். படங்கள் முழுமையாகத் திறந்தன.