மரதனும் கால் கொப்பளமும்: முதல்முறை ஓடுகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் சித்திரை வருசத்துக்கு விளையாட்டுக் கழகங்கள் வைக்கிற ஓட்டம் எட்டுக் கிலோமீட்டர் என்றாலும் அதற்குப் பெயர் மரதன்தான். பள்ளிக்கூடக் காலத்தில் நானும் அப்படி மூன்று மரதன் ஓடியவன். வெறுங்காலோடு, தார் றோட்டில். அந்தத் துணிச்சலில்தான் 42.195 கிலோமீட்டர் மரதனுக்குப் பெயர் கொடுத்தேன். மூச்சைப் பற்றி வாசித்தேன், முழங்காலைப் பற்றி வாசித்தேன். பாதத்தின் தோலைப் பற்றி ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

அதற்கான கூலி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. விடியப்புறம் எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் தொடங்கி, கல்முனை றோட்டால் குருக்கள்மடம் வரை போய்த் திரும்புவது திட்டம். பஞ்சு மேஸ் (காலுறை), வாங்கி நாலு நாளான சப்பாத்து. வெயில் ஏறியதும் தாளங்குடாவில் ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தேன். சுகமாக இருந்தது. அந்தத் தண்ணீர் முதுகால் வழிந்து, காலால் இறங்கி, நேராகச் சப்பாத்துக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. திரும்பி வருகையில் இடது உள்ளங்காலின் வளைவில் ஏதோ எரிந்தது. பொறுத்துக்கொண்டேன். காத்தான்குடியில், றோட்டு நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களுக்குக் கிட்ட வரும்போது ஓட்டம் நொண்டலாகிவிட்டது. கடை திறந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன மகன், ஆணி குத்திட்டா?" என்று கேட்டு ஒரு முக்காலியைத் தள்ளி வைத்தார்.

மேஸைக் கழற்றினேன். பாதம் முழுக்க வெளிறி, உடுப்புத் தோய்த்த கை மாதிரிச் சுருங்கிப் போயிருந்தது. வளைவில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஒரு கொப்பளம், உள்ளே நீர் தளும்பிக்கொண்டு. சின்னவிரலுக்குக் கீழே இன்னொன்று ஏற்கெனவே உடைந்திருந்தது. வீட்டுக்கு ஓட்டோவில்தான் போனேன்.

கீழே எழுதியிருப்பது அந்த முக்காலியில் இருந்து எழும்பிய பிறகு படித்ததும், பட்டுத் தெளிந்ததும்.

முதலில், அது ஏன் வருகிறது

"சப்பாத்து கடிச்சிட்டு" என்று சொல்கிறோம். உண்மையில் கடிப்பதில்லை, இழுக்கிறது. ஒவ்வோர் அடியிலும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோலோ மேஸோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் மாட்டிய தோல் அடுக்குகள் ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு, ஒரு கட்டத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோர்க்கிறது. அவ்வளவுதான் கொப்பளம்.

இதில் ஈரத்தின் பங்கு பெரிது. நன்றாகக் காய்ந்த தோல் வழுக்கும். பிசுபிசுத்த தோல் மேஸோடு ஒட்டும், ஒட்டினால் இழுவை கூடும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற எங்கள் ஊரில் விடியக்காலை ஐந்து மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதிய ஆலோசனைகள் இங்கே பாதிதான் வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

படி 1: சப்பாத்து

பின்னேரத்தில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் அதே மேஸோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். குதிக்கால் மட்டும் கழன்று வரக் கூடாது.

குதிக்கால் மேலும் கீழும் வழுக்கினால் சப்பாத்தை மாற்ற முதல் நாடாவை மாற்றிக் கட்டிப் பாருங்கள். கணுக்காலுக்குக் கிட்ட, பெரும்பாலும் யாரும் பாவிக்காத ஒரு கடைசி ஓட்டை இருக்கும். நாடாவை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசி ஓட்டைக்குள் விட்டு, ஒரு சின்ன வளையம் மிஞ்சும்படி இழுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. இப்போது இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும், வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி, வழமைபோல முடிச்சுப் போடுங்கள். குதிக்கால் பின்சுவரோடு போய் உட்காரும். என்னுடைய குதிக்கால் கொப்பளம் இந்த ஒரு முடிச்சோடு நின்றது.

புதுச் சப்பாத்தைப் போட்டியன்று போடாதீர்கள். ஒரு நீண்ட ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும்.

வெறுங்காலோடு ஓடலாமே என்று கேட்க ஆள் எப்போதும் இருக்கும். 1960இல் றோம் ஒலிம்பிக் மரதனை எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி வென்றது உண்மை. 1964இல் டோக்கியோவில் அவரே சப்பாத்தோடு ஓடி, இன்னும் வேகமாக வென்றார் என்பதை மட்டும் இவர்கள் சொல்ல மாட்டார்கள். எங்கள் பெரியம்மா கதிர்காமப் பாதயாத்திரை மூன்று முறை போனவர், வெறுங்காலோடுதான். உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் மணல் சுடும் என்பதால் இருட்டோடு இருட்டாகத்தான் நடப்பார்களாம். அந்தப் பாதம் அறுபது வருசமாக மண்ணில் நடந்து விளைந்த பாதம். பகல் முழுக்கக் கந்தோர்க் கதிரையில் இருக்கிற எனக்கு அது வாய்க்காது.

படி 2: மேஸ்

தடித்த பஞ்சு மேஸ் வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. பொலியெஸ்டரோ நைலோனோ கலந்த, ஓட்டத்துக்கென்று செய்த மேஸ் சீக்கிரம் காயும். விரல்களுக்கு இடையில் கொப்பளம் வருகிறவர்களுக்கு, கையுறை மாதிரி ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிற மேஸ் உதவும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், போட நேரமும் எடுக்கும். போடும்போது மடிப்பு, தையல் எதுவும் உள்ளங்காலுக்குக் கீழே வராமல் தடவிப் பாருங்கள்.

படி 3: நகமும் தடித்த தோலும்

ஓட்டத்துக்கு இரண்டு மூன்று நாளைக்கு முதல் நகத்தை நேராக வெட்டுங்கள். குதிக்காலில் கல்லுப்போலக் காய்த்திருந்தால் குளித்தபின் லேசாகத் தேயுங்கள். முழுக்கச் சீவி எடுக்க வேண்டாம், தடித்த தோலுக்குக் கீழே வரும் கொப்பளம்தான் ஆகக் கூடிய உபத்திரவம் என்றாலும் கொஞ்சம் தடிப்பு காவல்தான்.

படி 4: டேப்

இதற்காக வெளிநாட்டுச் சாமான் தேட வேண்டாம். எந்தப் பாமசியிலும் மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள், காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுகிற மெல்லிய கடதாசி டேப். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், 250 கிலோமீட்டர்ப் பாலைவன ஓட்டங்களில் ஓடிய 128 பேரின் கால்களில் இதை ஒட்டிப் பார்த்து 2016இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதே காலின் ஒட்டாத இடங்களை விட ஒட்டிய இடங்களில் கொப்பளம் சுமார் 40 வீதம் குறைந்திருந்தது. அதாவது குறையும், இல்லாமல் போகாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காயவிடுங்கள். பயிற்சியில் உங்களுக்கு வழக்கமாக எரியும் இடம் எது என்று தெரிந்திருக்கும், அங்கே மட்டும் போதும். டேப் துண்டின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலையாக இருந்தால் மேஸ் அதைக் கிளப்பி, சுருட்டி, அந்தச் சுருளே அடுத்த கொப்பளத்தைக் கொண்டுவரும். இழுத்து ஒட்டாமல் தோலின் மேல் வைத்து, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக விரலால் நீவுங்கள். ஒரு அடுக்கு போதும். விரலைச் சுற்றி ஒட்டினால் இறுக்க வேண்டாம், வீக்கத்துக்கு இடம் விடுங்கள்.

வசலின் பூசுவதென்றால் டேப் இல்லாத இடங்களில், ஒட்டி முடித்த பிறகு. நான் முதலில் வசலினைப் பூசிவிட்டு அதன்மேல் டேப் ஒட்டப் பார்த்து, கால் மணித்தியாலம் வீணாக்கியவன்.

படி 5: ஓடும்போது

இதுதான் முக்கியமான படி. மற்றதெல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

தண்ணீரைத் தலையில் ஊற்றுவதானால் நின்று, இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து, பிடரியில் ஊற்றுங்கள். தண்ணீர் முகத்தால் சொட்டி நிலத்தில் விழ வேண்டும், காலால் இறங்கக் கூடாது. அல்லது துணியை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டம் என்றால் ஒரு சோடி காய்ந்த மேஸை யாரிடமாவது கொடுத்து, பாதி வழியில் வாங்கி மாற்றலாம்.

அடுத்தது எரிவு. கொப்பளம் வர முதல் அந்த இடம் சுடும், நெருப்புக் குச்சியைக் கிட்டப் பிடித்தது போல. இந்த நேரத்தில் தோல் இன்னும் பிரிந்திருக்காது, சிவந்து மட்டும் இருக்கும். உடனே நில்லுங்கள். இரண்டு நிமிடம் போய்விடுமே என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால்தான் முக்காலியில் இருந்தேன். அன்று ஆரையம்பதியில் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் வீடு வரை ஓடியிருப்பேன்.

நின்று செய்ய வேண்டியது: சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து றோட்டில் ஓடினால் கட்டாயம் மணல் இருக்கும், ஒரு பருக்கை போதும். அந்த இடத்தை அற்ககோல் துணியால் துடைத்தால் ஈரமும் போகும், டேப்பும் ஒட்டும். வட்ட மூலை வெட்டிய டேப் துண்டுகள் நாலைந்தை ஸ்டிக்கரின் பின்பக்க வழுக்குக் கடதாசியில் ஒட்டி, ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, காற்சட்டைப் பையில் வைத்திருங்கள். ஒட்டி, மேஸை மடிப்பில்லாமல் இழுத்து, நாடாவைப் புதிதாகக் கட்டுங்கள்.

படி 6: வந்தே விட்டால்

றோட்டோரத்தில் ஊசி எடுக்க வேண்டாம். வேர்த்த கை, தூசி, ஊறிய தோல் எல்லாம் சேர்ந்தால் கிருமி போக வழி நீங்களே திறந்துவிட்டதாகும். முதலுதவிக் கூடாரம் இருந்தால் அங்கே காட்டுங்கள்.

இல்லாவிட்டால் கொப்பளத்தின் மேல் அமுக்கம் விழாமல் பார்க்கலாம். பஞ்சு மெத்தை போன்ற ஒட்டுத் துண்டொன்றை உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்டு வெட்டி, கொப்பளம் அந்த ஓட்டைக்குள் வரும்படி ஒட்டி, மேலே டேப் போடுங்கள். பாரம் சுற்றியுள்ள தோலில் விழும்.

நோவுக்காகக் காலைச் சரித்து வைத்து ஓடத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் கவனம். கொப்பளம் பத்து நாளில் மாறும். கோணி ஓடிப் பிடித்த முழங்கால் நோவு மாதக் கணக்கில் இருக்கும். நேராகப் பாதம் வைத்து நடக்கக்கூட முடியாவிட்டால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். நோவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொடரவும் வேண்டாம். இபுபுரோபன் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் படுத்தும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

சின்னதாக, நோவில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். உள்நீர் தானாக வற்றும். மேலே கிடக்கும் தோலைவிட நல்ல பிளாஸ்டர் கடையில் இல்லை.

பெரிதாக, கால் வைக்க முடியாமல் இருந்தால் மட்டும் நீரை எடுக்கலாம். கையையும் காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். புது ஊசியை அற்ககோலால் துடைத்து, கொப்பளத்தின் நடுவில் அல்ல, ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். சுத்தமான பஞ்சுத் துணியால் மெல்ல அமுக்கினால் நீர் வெளியேறும். மேல்தோலைப் பிய்க்காதீர்கள். கொஞ்சம் வசலின் பூசி, ஒட்டாத கட்டுத்துணி வைத்து மூடி, நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

பெரியம்மாவின் முறை வேறு. ஊசியில் நூல் கோர்த்து, கொப்பளத்துக்குள்ளால் இழுத்து, நூலை அப்படியே உள்ளே விட்டுவிடுவார். "நூல் வழியா நீர் வடியும் மனே, தோல் ஒட்டிரும்." நீர் வடிவது சரிதான். அதே நூல் வழியாக அழுக்கும் உள்ளே போகும் என்பதால் நான் செய்வதில்லை. சொல்லவும் இல்லை, மூன்று முறை கதிர்காமம் நடந்தவரிடம் யார் சொல்வது.

இரத்தம் கட்டிய கொப்பளத்தைத் திறக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் எந்தக் கொப்பளத்தையும் தாங்களாகக் குத்தக் கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். சீழ், சுற்றிப் பரவும் சிவப்பு, மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆசுப்பத்திரி.

சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, நிழலில் காயவிடுங்கள். டேப்பை மட்டும் ஓடி முடித்த கையோடு இழுத்துப் பிடுங்க வேண்டாம், ஊறிய தோல் அதோடு சேர்ந்து வந்துவிடும். காலில் தேங்காயெண்ணெய் தடவி, ஓரங்கள் தானாகக் கிளம்பும்வரை ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் இருங்கள். பெரியம்மா தரும் எண்ணெய்ப் போத்தல் எங்கள் வீட்டில் இதற்குத்தான் தீர்கிறது.