“இன்னும் விசேஷம் இல்லையா?” என்று கேட்பதற்கு முன்

கல்யாணமாகி ஒரு வருஷம் போனால் போதும், லயத்துக் குழாயடியில் கேள்வி தொடங்கிவிடும்: “என்னம்மா, இன்னும் விசேஷம் இல்லையா?” கேள்வி எப்போதும் பெண்ணிடம்தான். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. தீபாவளிக்கு ஐந்து நாள், பொங்கலுக்கு மூன்று நாள், தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு வாரம் வந்து போவார். கூட்டிப் பார்த்தால் அந்த வருஷத்தில் இருவரும் சேர்ந்திருந்தது இருபது நாள் வராது.

முதல் தவறு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. கருத்தடை எதுவும் இல்லாமல் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து, 12 மாதம் கழித்தும் கரு உண்டாகாவிட்டால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தையின்மை என்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்துவிட்டால் 6 மாதத்திலேயே டொக்டரிடம் போய்விடுவது நல்லது. மாதத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வருகிறவருக்கு இது சுமார் 9ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை. லீவு ஒருமுறைகூட இந்த நாட்களில் விழாமல் போன தம்பதி, மருந்து தேடுவதற்கு முன் லீவை மாற்றிப் பார்க்கலாமே.

அடுத்தது, மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. பெண்ணுக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று ஒரு வருஷம் அலைந்த பிறகு, கடைசியில் ஒரு சின்னச் சீசாவில் விடை கிடைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அந்தச் சீசா விஷயத்திலும் நம் பக்கம் ஒரு தவறு நடக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி விட வேண்டும். எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும், உடல் சூட்டோடு வைத்திருக்கவும் வேண்டும். நுவரெலியாக் குளிரில் சொப்பிங் பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்று, இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அறிக்கை மோசமாகத்தான் வரும். தூரத் தோட்டத்தில் இருப்பவர் லேபுக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுப்பதுதான் சரி. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. ஒருமுறை குறைவாக வந்துவிட்டது என்று இடிந்து போகவும் வேண்டாம், திரும்ப ஒருமுறை பார்ப்பார்கள். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் அடித்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையில் தெரியலாம். இன்று சிகரெட்டை விட்டால் பலன் தெரிய அதே அளவு பொறுக்கவும் வேண்டும்.

இனி மருந்தடிப்பு. தேயிலை மலையில் களைக்கு அடிக்கிறவர்களும், கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு, லீக்ஸுக்கு அடிக்கிறவர்களும் முகத்தை மூடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூக்கு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகப் போவதுதான் பெரும்பாலும் அதிகம். டாங்கி ஒழுகி முதுகு நனைந்து, அது இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். பரத்தியன் என்ற பூச்சிமருந்தை வைத்துப் பார்த்ததில், விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சியது. ஆகவே மருந்தடிக்கும்போது சிறுநீர் கழிக்கப் போனால், கையை முதலில் கழுவ வேண்டும். போய் வந்து கழுவுவதுதான் நம் பழக்கம். நனைந்த காற்சட்டையை உடனே மாற்றுங்கள். அதை வீட்டுத் துணிகளோடு ஒரே பேசினில் ஊறப்போட வேண்டாம். துவைக்கிற மனைவியின் கைக்கும் அது போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1977இல் கலிபோர்னியாவில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் பேசிக்கொண்டதுதான் தொடக்கம். பரிசோதித்ததில் சிலருக்கு விந்தணுவே இல்லை. எல்லா மருந்தும் அப்படிச் செய்யும் என்றில்லை. ஆனால் எது செய்யும் என்று டாங்கியைத் தூக்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

சூட்டைப் பற்றித் தேவையில்லாத பயமும் உண்டு. விதைகள் உடலைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும், உண்மை. அதற்காக நம் ஊர்க் குளிரில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பதை விட வேண்டியதில்லை. நாள் முழுக்க பேக்கரி போறணைக்கும் கொத்து ரொட்டிக் கல்லுக்கும் முன்னால் நிற்பது வேறு கதை. அப்படி நிற்கிறவர்கள் இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்த்து, இடையிடையே வெளியே வந்து நிற்பது நல்லது.

சிகரெட், கசிப்பு பற்றி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டும் விந்தணுவைக் கெடுக்கும். புகையிலையை வெற்றிலையோடு மென்றால் தோஷமில்லை என்பதும் தவறு. அப்புறம், உடம்பு ஏற்றுவதற்கு ஜிம்மில் போடும் ஊசி. ஆண் ஹோர்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் நின்றுபோகும். தோள் அகன்றிருக்கும், அறிக்கையில் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கும். திரும்பி வர மாதக்கணக்கு ஆகலாம்.

பெண்கள் பக்கம் நான் அதிகம் காண்பது மெலிவும் இரத்தச் சோகையும். காலையில் ரொட்டியும் சம்பலும், அதன்மேல் சூடாக ஒரு பிளேன்டீ. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சேரவிடாது. தேநீரை விடச் சொல்லவில்லை, மலையகத்தில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். உடல் மிகவும் மெலிந்தால் முட்டை வெளிவருவதே தடைப்படலாம். மிகவும் பருத்தாலும் அப்படித்தான். பி.சி.ஓ.எஸ். என்ற சூலக நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பருத்த பெண்களில் பலருக்கு எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராகிறது.

கோயிலில் தொட்டில் கட்டுங்கள், குறை சொல்ல மாட்டேன். அதே வாரத்தில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கும் போங்கள். புதிதாக மணமானவர்களுக்கென்று நடக்கும் கிளினிக்கில் எடை, இரத்தம் பார்த்து ஃபோலிக் அமில வில்லையும் தருவார்கள். மருத்துவ மாதுவிடம் கேட்டால் நாள் சொல்லுவார். அந்த நாளுக்கு மாப்பிள்ளையும் கொழும்பிலிருந்து லீவு போட்டு வரவேண்டும்.