சால்மன் பார்க்கப் போகிறீர்களா? ரொறன்ரோ ஆறுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்ததும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் ஆறுகளில் ஏறத் தொடங்கும். ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக், ரூஜ், டஃபின்ஸ், ஹம்பர், கிரெடிட், போர்ட் ஹோப்பில் கனராஸ்கா எனப் பல ஆறுகளில் இதைப் பார்க்கலாம். ஏழெட்டுக் கிலோ மீன் முழங்கால் தண்ணீரில் முதுகு தெரியப் போராடிப் போவதைக் காண மோர்னிங்சைட் பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் குறைவு. ஆனாலும் மீனுக்குக் கெடுதல் நடக்கிறது, அதில் பெரும்பங்கு ஆசையாலும் இரக்கத்தாலும்தான்.

மழையைப் பாராமல் நாளைப் பார்ப்பது

ஆகஸ்ட் கடைசியில் ஓரிரு மீன்கள் நுழையும். கூட்டம் சேர்வது பெரும்பாலும் செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை. அந்தக் காலத்திலும் ஒரு சனிக்கிழமை போய் வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு நல்ல மழை பெய்து, ஆறு உயர்ந்து, தண்ணீர் குளிர்ந்தால்தான் கழிமுகத்தில் காத்திருக்கும் மீன் மேலே ஏறும். அதற்காக மழை பெய்த அன்றே ஓடவும் கூடாது. ஹைலண்ட் கிறீக்கின் வடிநிலம் ஏறத்தாழ முழுக்க வீதியும் கூரையுமாக இருப்பதால் மழைநீர் நிலத்தில் ஊறாமல் நேரே ஆற்றில் விழுகிறது. சில மணி நேரத்துக்குச் சேற்றுவெள்ளம்தான் ஓடும், கரையோரம் ஆபத்தும்கூட. ஒன்றிரண்டு நாள் விட்டு, நீர் இறங்கித் தெளியும்போது போங்கள்.

போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் தண்ணீரின் மினுக்கம் மட்டுமே தெரியும். சரளைக்கல்லில் முட்டையிடும் மீனைப் பார்க்க வெயில் உச்சியில் இருக்கும் நேரம் நல்லது. தடுப்பணையில் மீன் பாய்வதைப் பார்க்க விடியலும் அந்தியும் நல்லது. ஹம்பரின் ஓல்ட் மில் பகுதியும் போர்ட் ஹோப்பின் கோர்பெட் அணையும் இதற்குப் பேர்போனவை. கோர்பெட் அணையில் மீன் ஏணி, அதாவது மீன் ஏறிப்போகப் படிபடியாக அமைத்த நீர்வழி, கட்டியிருப்பதால் மீன் ஏறும் விதத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தண்ணீரில் இறங்குவது

எங்கள் கணக்கில் இதுதான் முதல் தவறு.

பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்துச் சரளைக்கல்லில் பள்ளம் தோண்டும். அதில் முட்டையிட்டதும், நீர் வரும் திசையில் சற்று மேற்புறம் தோண்டி, அந்தக் கல்லாலேயே முட்டையை மூடும். இப்படிப் பல தடவையாக, ஏறத்தாழ 3,000 முதல் 6,000 முட்டைகள். முடிவில் ஒரு பள்ளமும், நீர் போகும் திசையில் அதை அடுத்து ஒரு மேடும் இருக்கும். பாசி படிந்த மற்றக் கற்களுக்கு நடுவில் அந்த இடம் மட்டும் கழுவி விட்டதுபோல் வெளிறித் தெரியும்.

விவரம் தெரிந்தவர்கள்கூடப் பள்ளத்தை விலக்கி மேட்டில் கால் வைக்கிறார்கள். முட்டை இருப்பதோ மேட்டுக்குள். அதுவும் மீன் இந்த இடத்தைத் தேர்வது ஆழ்மடு முடிந்து ஆறு ஆழம் குறைந்து சலசலக்கத் தொடங்கும் இடத்தில். ஆளுக்கும் ஆற்றைக் கடக்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

முட்டையிட்ட முதல் சில வாரங்கள், கருவில் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்வரை, சிறு அதிர்வும் முட்டையைக் கொல்லும். பிறகும் முட்டை, குஞ்சு எல்லாம் வசந்தம்வரை கல்லுக்குள்தான் கிடக்கின்றன. மேற்புறம் யாராவது சேற்றைக் கிளறினாலே போதும், நுண்மண் கல்லிடுக்கை அடைத்து ஒட்சிசன் போகாமல் மூச்சு முட்டும். ஆகவே பெரிய மீன்கள் போய்விட்டனவே என்று நவம்பரில் இறங்குவதும் தவறு, ஏப்ரலில் இறங்குவதும் தவறு. நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். பிள்ளைகள் கல் அடுக்கி விளையாடுவதையும் கல் எறிவதையும் அங்கே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தூக்கிவிடுவது, சோறு போடுவது

அணையில் மோதி மோதி விழும் மீனைப் பார்த்தால் மனம் கேட்காதுதான். வாலைப் பிடித்துத் தூக்கி மேலே எறிகிறவர்கள் உண்டு. உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்து, அங்கே பூஞ்சணம் பற்றும். வாலில் தொங்கவிட்டால் முதுகெலும்பு மூட்டுகளும் உள்ளுறுப்புகளும் சிதையும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீனைப் பிடித்து இடம் மாற்றுவது சட்டவிரோதமும் ஆகும். நீர் உயரும் வரை மீன் கீழே காத்திருக்கும், காத்திருக்க அதற்குத் தெரியும்.

பாண், சோறு போடுவதால் பயன் எதுவும் இல்லை. ஆற்றில் ஏறிய சால்மன் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது, உடலில் சேர்த்த கொழுப்பில்தான் ஓடுகிறது.

செத்த மீனைக் கண்டு பதறுவது, பதற வேண்டியபோது பேசாமல் வருவது

சினூக் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஒக்டோபரில் கரையில் பெரிய மீன்கள், வால் தேய்ந்து, உடலில் வெள்ளைப் பூஞ்சணத்தோடு கிடந்தால் அது இயற்கை. அதை அள்ளிக் குப்பையில் போட்டுத் 'துப்புரவு' செய்யாதீர்கள். நீர்ப்பூச்சி முதல் றக்கூன் வரை அதைத் தின்ன ஆள் இருக்கிறது.

சிறியதும் பெரியதுமாக, பல இன மீன்கள் ஒரே நாளில் செத்து மிதந்தால் கதை வேறு. எண்ணெய்ப் படலம், நுரை, சாய நிறம், பெற்றோல் மணம் இருந்தால், கடைசியில் தந்திருக்கும் எண்ணுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இடத்தையும் நேரத்தையும் குறித்து, மேலே எந்த வடிகால் குழாய் வரை அது தெரிகிறது என்று கரையிலிருந்தே பாருங்கள். தண்ணீரைத் தொடாதீர்கள்.

எல்லாம் ஒரே சால்மன் என்று நினைப்பது

இந்த ஏரியின் சொந்த மீன் அத்திலாந்திக் சால்மன். ஆலை அணைகள், காடழிப்பு, அளவுக்கு மீறிய மீன்பிடி எல்லாம் சேர்ந்து 1800களின் முடிவில் அதை இங்கிருந்து துடைத்துவிட்டன. சினூக்கும் கோஹோவும் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. அத்திலாந்திக் சால்மனை மீட்கும் திட்டம் 2006இல் தொடங்கி நடக்கிறது. தூண்டில் போடுகிறவருக்கு இந்த வேறுபாடு கட்டாயம் தெரிய வேண்டும்: சினூக்கின் ஈறு கறுப்பு, வால் முழுக்கப் புள்ளி. கோஹோவின் ஈறு வெளிறியது, புள்ளி வாலின் மேற்பாதியில் மட்டும். அத்திலாந்திக்கின் செவுள் மூடியில் பெரிய புள்ளிகள், வாலில் பெரும்பாலும் புள்ளி இல்லை.

வாயில் அல்லாமல் உடலில் தூண்டில் மாட்டிய மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். கையாலோ வலையாலோ சால்மன் அள்ளுவதும், மீன் சரணாலயப் பகுதியில் தூண்டில் போடுவதும் குற்றம். குழம்பு வைக்கும் எண்ணமிருந்தால் இன்னொன்று: ஆற்றில் நாளான மீனின் சதை வெளிறிக் கூழாகிவிடும், ருசி இராது. பெரிய மீனில் பிசிபி போன்ற நச்சும் அதிகம் சேர்ந்திருக்கும். எந்த நீளத்து மீனை மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாண அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முட்டையிடும் இடத்தின் படத்தை அன்றே இட அடையாளத்தோடு முகநூலில் போடுவதும் வேண்டாம். இரவில் முட்டைக்காக மீனின் வயிற்றைக் கீறுகிறவர்களும் முகநூல் பார்க்கிறார்கள்.

ஆறு கரையோடு முடிகிறது என்று நினைப்பது

ஸ்காபரோ வீதியோர வடிகாலில் விழும் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஆற்றுக்குப் போகிறது. டிரைவ்வேயில் கார் கழுவிய சவர்க்கார நுரை மீனின் செவுளைத் தாக்கும். கார் கழுவும் நிலையத்தில் கழுவுங்கள், அல்லது புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள்.

பனிக்கால உப்பு இன்னும் மோசம். உப்பிலுள்ள குளோரைட்டுதான் நீர்வாழ் உயிர்களுக்குக் கெடுதல்; நீண்டகாலப் பாதிப்புக்குக் கனடா வகுத்த குளோரைட்டு எல்லை லீற்றருக்கு 120 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 30 லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். முதலில் பனியை வழித்துவிட்டு, உறைந்த இடத்தில் மட்டும் தூவுங்கள். வெப்பநிலை -10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு வேலை செய்யாது, அப்போது மணல் போடுங்கள்.

ஆற்றில் விழுந்து கிடக்கும் மரத்தை இழுத்துப் போடாதீர்கள், மீன்குஞ்சுக்கு அதன் அடிதான் ஒளிவிடம். கரையில் மரம் நட விரும்பினால் ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையத்தின் நடுகை நாட்களில் சேருங்கள்.

கைப்பேசியில் இரண்டு எண்களைப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். கள்ள மீன்பிடி பற்றிச் சொல்ல 1-877-847-7667. ஆற்றில் கழிவு கலந்தால் 1-800-268-6060.