எவர்ட்டன் மேட்சுக்குக் காரில் போகிறீர்களா?

லிவர்பூலில் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் புது ஸ்டேடியம் 2025-இல் திறந்தது. இடம் பிராம்லி-மூர் டாக், மெர்சி ஆற்றங்கரை. சுமார் 53,000 பேர் உட்காரலாம். ஆனால் சுற்றியுள்ள தெருக்களில் காரை விட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். மேட்ச் நாளில் அங்கே பர்மிட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இடம். தெருமுனைப் பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் அபராதச் சீட்டு வரும். அந்தப் பகுதியில் கிடங்குகளும் பட்டறைகளும் நிறைய, அங்கே வேலை செய்பவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே!

சுலபமான வழி: ஊருக்கு வெளியிலேயே காரை விட்டுவிடுவது. வடக்கே மகல் நார்த், ஹெட்போல்ட் லேன் இரண்டிலும் ரயில் நிலையத்தை ஒட்டியே கார் நிறுத்துமிடம் உண்டு. அங்கிருந்து மெர்சிரெயில் என்னும் உள்ளூர் ரயிலில் ஏறினால், மாறாமல் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து நிலையமான சாண்ட்ஹில்ஸில் இறங்கலாம்; பிறகு கொஞ்ச தூரம் நடை. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் முன்கூட்டியே கிளம்புங்கள். நகர மையத்திலிருந்து வருபவர்களுக்கு மூர்ஃபீல்ட்ஸ் நிலையத்திலிருந்து சாண்ட்ஹில்ஸ் ஒரே ஒரு ஸ்டாப்.

போவது பெரிய விஷயமில்லை, திரும்புவதுதான் பாடு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சாண்ட்ஹில்ஸுக்கே ஓடுவார்கள். அது சின்ன நிலையம். வெளியே தடுப்பு கட்டி, வரிசையில் நிறுத்தித்தான் உள்ளே விடுவார்கள். நடக்க முடிந்தவர்கள் தெற்கே திரும்பி நகர மையத்துக்கே நடந்துவிடலாம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் வரிசை கரையும்வரை ஸ்டேடியத்திலேயே டீ குடித்துக்கொண்டிருங்கள். ஆற்றுக் காற்று சும்மா இருக்காது, கனமான ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.