வெள்ளம் வருவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை: கழிவுக்குழாய் முதல் காப்பீடு வரை

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாசலில் மணல் மூட்டைகளை நன்றாக அடுக்கியிருந்தோம், வாசல் பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. நள்ளிரவில் பாத்ரூம் விளக்கைப் போட்டால், தரைச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: மட்டம் பாருங்கள்

உங்கள் வீட்டுக் கழிவுக்குழாய் சேரும் தெருச் சாக்கடை மூடியையும் பாத்ரூம் தரையையும் ஒப்பிடுங்கள். நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மூடியருகிலும் மறு முனையை பாத்ரூமிலும் பிடித்தால் போதும். கொத்தனார் மட்டம் பார்ப்பதும் இப்படித்தான். பாத்ரூம் தரை தாழ்ந்திருந்தால், தெருச் சாக்கடை நிரம்பும்போது தண்ணீர் மூடி வழியாக வெளியேறும் முன்பே உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

படி 2: நான்-ரிட்டர்ன் (non-return) வால்வு

நான் இடறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கழிவுக்குழாயில் போடும் இந்த வால்வில் ஒரு மடல் இருக்கும். நம் தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், வெளியிலிருந்து தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்ளும். முதலில் ஒன்றை வாங்கி மண்ணுக்கடியில் புதைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் தலைமுடியும் சோப்புப் படிவும் மடலின் விளிம்பில் ஒட்டி, அது முழுதாக மூடாமல் நின்றது. தோண்டி எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இப்போது மேல்மூடியைத் திருகித் திறக்கக்கூடிய வால்வை, சிறு தொட்டி கட்டி அதற்குள் வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை கழுவுகிறேன். மூடி திறக்காத வால்வை விலை குறைவு என்று வாங்காதீர்கள். மேலே போட்டிருக்கும் அம்புக்குறி தெருவைப் பார்த்து இருக்க வேண்டும்.

படி 3: வாசலும் மின்சாரமும்

மணல் மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள், அப்போதுதான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். அடியில் தார்ப்பாய் விரியுங்கள். வெளியே இரண்டடிக்கு மேல் ஏறினால் தடுக்க முயலாதீர்கள், தண்ணீரின் அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

படி 4: பாலிசியை இப்போதே எடுத்துப் படியுங்கள்

“வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது” என்பதும் “வெள்ளத்துக்கு இருக்கிறது” என்பதும் வேறு வேறு. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் சேர்ந்தே வருகிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்கும் கிடைக்கும். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது. 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுத்தால், பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் பயனில்லை. பிரிட்டனில் இருப்பவர்கள் வீடு கட்டிய ஆண்டைப் பாருங்கள். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியான விலையில் காப்பீடு கிடைக்க 2016இல் தொடங்கிய ஃப்ளட் ரீ திட்டத்தின் பலன், 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு இல்லை.

படி 5: படம் எடுத்து வையுங்கள்

சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் எங்களிடம் வாஷிங் மெஷினின் சீரியல் எண்ணைக் கேட்டார். பின்பக்க ஸ்டிக்கர் ஊறி, எழுத்து வெள்ளையாகிப் போயிருந்தது. பில்லும் அலமாரியின் கீழ்த்தட்டில் கூழாகியிருந்தது. அந்த மெஷினுக்குப் பணம் வரவில்லை. இன்றே ஒவ்வொரு சாதனத்தின் ஸ்டிக்கரையும் பில்லையும் படமெடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். இதற்கென்று தனிச் செயலி வேண்டாம், மின்னஞ்சல் எந்தப் போனிலும் திறக்கும். வெள்ளம் வடிந்ததும் கழுவ ஆரம்பிக்காதீர்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி, பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுங்கள். அப்புறம் துடைக்கலாம்.

பின்சேர்க்கை: வால்வு போட்ட வாசகர் ஒருவர், “தெருத் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் பாத்ரூம் நிரம்பிவிட்டது” என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், மாடியில் குளித்த தண்ணீர்தான் அது. வால்வு மூடியிருக்கும்போது மாடித் தண்ணீருக்கும் வெளியே போக வழி இல்லை, கீழே வந்து பொங்கிவிடும். ஆகவே வால்வை மொத்த வீட்டுக்குமான குழாயில் போடாதீர்கள். கீழ்த்தளக் கிளைக்குழாயில் மட்டும் போட்டு, மாடிக் குழாயை வால்வுக்கு வெளியே, தெருப்பக்கம் சேருங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வெள்ளம் வடியும்வரை குழாயைத் திறக்கவோ கழிவறையில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.