வழுக்களையும் கிட்டிலேயே குறித்து வைப்பது எப்படி?

நிரல் கிட்டில் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பத்திரமாக இருக்கும். வழுப் (bug) பட்டியலோ எக்செலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கிடக்கும். ஆறு மாதம் கழித்து "இதைச் சரிபண்ணிட்டோமா?" என்று யாராவது கேட்டால் எல்லோரும் முழிப்போம். இரண்டு மூன்று பேர் எழுதும் புராஜெக்ட் என்றால் வழுக்களையும் ரெப்போவுக்குள் (கிட் கவனித்துவரும் புராஜெக்ட் ஃபோல்டர்) போட்டுவிடலாம். கமிட் போட, அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதிய, தெரிந்தால் போதும்.

1. ஃபோல்டர்

ரெப்போவுக்குள் ‘பக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர். பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழில் வைத்தால், கிட் தன் இயல்பு அமைப்பில் அதை \340\256 என்று எண்களாகக் காட்டிப் பயமுறுத்தும். கோப்புக்கு உள்ளே தமிழில் எழுதத் தடையில்லை.

2. ஒரு வழு, ஒரு கோப்பு

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினால், இருவரின் மாற்றங்களை மெர்ஜ் (ஒன்றுசேர்த்தல்) செய்யும்போதெல்லாம் முட்டிக்கொள்ளும். 1, 2, 3 என்று எண் போடுவதும் வம்புதான்: இரண்டு பேர் தனித்தனி பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளை) ஆளுக்கொரு 7-ஐ உருவாக்கிவிடுவார்கள். தேதியும் ஓரிரு சொல்லும் சேர்த்துப் பெயர் வையுங்கள்.

பில் அடிக்கும் நிரலில் வந்த ஒரு வழுவை இப்படி எழுதலாம்:

> நிலை: பாக்கி
> செய்தது: வாடிக்கையாளர் பெயர் ‘மீனாட்சிசுந்தரம்’ என்று கொடுத்து பில் அடித்தேன்
> வந்தது: மீனாட்சிசுந்தரம
> வர வேண்டியது: மீனாட்சிசுந்தரம்
> குறிப்பு: பெயரை 15 குறியீட்டில் வெட்டுகிறோம். யுனிகோடில் இந்தப் பெயர் 16. கடைசிப் புள்ளி தனிக் குறியீடு, அது போய்விடுகிறது

‘செய்தது’ என்ற வரியை மட்டும் சோம்பல்படாமல் எழுதுங்கள். "பெயர் சரியாக வரவில்லை" என்று எழுதி வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

3. கமிட்

கிட் ஆட், கிட் கமிட். திருத்தத் தொடங்கும் முன்பே மெயின் பிராஞ்சில் போட்டுவிடுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் கண்ணில் படும்.

4. திருத்தமும் நிலையும் ஒரே கமிட்டில்

இந்த முறையின் உயிரே இங்குதான். வெட்டும் வரியைத் திருத்திவிட்டு, அதே கையோடு வழுக் கோப்பில் ‘பாக்கி’யை ‘முடிந்தது’ என்று மாற்றி, இரண்டையும் ஒரே கமிட்டாகப் போடுங்கள். அந்தத் திருத்தம் எந்த பிராஞ்சுக்குப் போகிறதோ அங்கே நிலையும் கூடவே போகும். போகாத பிராஞ்சில் ‘பாக்கி’ என்றே இருக்கும். அங்கே வழுவும் உண்மையில் பாக்கிதானே! பிறகு அந்தக் கோப்புக்கு மட்டும் கிட் லாக் -p போட்டால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது வந்து நிற்கும்.

5. பாக்கி எத்தனை?

கிட் கிரெப்பில் ‘நிலை: பாக்கி’ என்று தேடினால் பட்டியல் வந்துவிடும்.

நிரல் எழுதாத வாடிக்கையாளரால் இதில் வழு பதிய முடியாது. அவர் போனில் சொல்வார், நீங்கள்தான் எழுத வேண்டும். ஆள் கூடக் கூட இது தாங்காது. அப்போது கிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான ஃபாசிலைப் (Fossil) பாருங்கள். எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பின் கைவண்ணம் அது; வழுக்களைப் பதியும் டிக்கெட் வசதி உள்ளேயே உண்டு, எஸ்க்யூலைட்டின் நிரலும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கிட்டை விட்டு வர வேண்டும். விட மனமில்லை என்றால், கிட்டுக்குள்ளேயே வழுக்களைப் பதியும் கிட்-பக் (git-bug) என்ற கருவி இருக்கிறது. அது வழுக்களைக் கோப்பாக வைக்காமல் கிட்டின் வயிற்றுக்குள் ஆப்ஜெக்ட்டாக (கிட்டின் உள் தரவு வடிவம்) வைக்கும், ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. எனக்கு என்னவோ, திறந்து படிக்க முடிகிற கோப்புதான் பிடித்திருக்கிறது.